'இதைப் படித்தீர்களா?'

சினிமாவைச் சிபாரிசு செய்வதில் பெரிய ஆபத்து இல்லை. படம் மோசம் என்றால் இரண்டரை மணி நேரம் நஷ்டம். இடைவேளையில் சமோசா தின்ற திருப்தியாவது மிஞ்சும். ஹோட்டலைச் சிபாரிசு செய்வது இன்னும் சுலபம். புத்தகத்தின் கதை வேறு. 'இதைப் படித்தீர்களா?' என்று ஒருவர் ஒரு நாவலை நீட்டும்போது, எதிரே இருப்பவரிடம் ஒரு வார ராத்திரிகளைக் கேட்கிறார். கூடவே தன்னைப் பற்றிய ரகசியம் ஒன்றையும் ஒப்படைக்கிறார்: எந்தப் பக்கத்தில் தனக்குத் தொண்டை அடைத்தது என்பதை. பத்து நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்து, கூடவே 'பரவாயில்லை, படிக்கலாம்' என்று ஒரு வார்த்தையும் வந்தால், கொடுத்தவருக்கு மனசு சுருங்கிவிடும்.

பெங்களூருவில் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் காத்திருக்கிறது. 'எந்த மொழியில்?' கன்னடத்தில் படித்து மயங்கியவருக்குப் பக்கத்து வீட்டுத் தமிழர்தான் நண்பர். அந்தத் தமிழருக்குக் கன்னடம் பேச வரும். எழுத்து, பேருந்தின் பெயர்ப் பலகை அளவுக்குத்தான் வரும். அவருடைய மகளோ இரண்டு மொழியிலும் பேசுவாள், படிப்பது இங்கிலீஷில் மட்டும். ஒரே மாடிப்படியில் மூன்று மொழி வாசகர்கள் ஏறி இறங்குகிற ஊரில், ஒரு நல்ல புத்தகம் முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போவதற்கே சில சமயம் இருபது வருடம் ஆகிவிடுகிறது.

இந்த ஊருக்குச் சிபாரிசுக் கலையைக் கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் டி.எஸ். ஷான்பாக். சர்ச் தெருவை ஒட்டி மியூசியம் சாலையில், 1970களின் தொடக்கத்திலிருந்து 2009இல் மூடும்வரை பிரீமியர் புத்தகக் கடையை நடத்தியவர். கடை சின்னது. புத்தகங்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். நடுவே ஒற்றையடிப் பாதை. ஒன்றை உருவினால் பத்து சரியும் என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் எத்தனையாவதாக இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். கேட்காமலே விலையில் தள்ளுபடி போட்டுத் தருவார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் எந்த வாசகருக்கு எது பிடிக்கும் என்பதைக் கணக்குப் புத்தகம் இல்லாமலே நினைவில் வைத்திருந்தார். 2021இல் அவர் இறந்தபோது, நகரத்தின் எழுத்தாளர்களும் வாசகர்களும் எழுதிய அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்தது இந்தச் செய்திதான். புத்தகங்களை அறிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆட்களை அறிந்த புத்தகக்காரர் அபூர்வம்.

சர்ச் தெருவில் இன்றும் புத்தக வாசனை போகவில்லை. 1945இல் தொடங்கிய செலக்ட் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சினியரிங் படித்துவிட்டு மகாத்மா காந்தி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் விற்ற மாயி கௌடா உருவாக்கிய பிளாசம் இருக்கிறது. புக்வோர்ம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஆனால் தமிழ்ப் புத்தகம் தேடி வருகிறவருக்கு இந்தத் தெருவில் அவ்வளவாக வேலை இல்லை. பெங்களூருத் தமிழ் வாசகரின் புத்தகக் கடை நெடுங்காலமாக அவருடைய உறவினர்களின் பயணப் பைதான். சென்னைக்கோ சேலத்துக்கோ போகிறவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். போனவர் ராத்திரி ரயிலில் ஊறுகாய்ப் பாட்டிலோடு நாவலும் கொண்டு வருவார். எண்ணெய் பட்டது போக மிச்சம் படிக்கலாம்.

அதனால் இங்கே சிபாரிசு என்றால் பெரும்பாலும் புத்தகத்தையே கொடுத்துவிடுவது என்று அர்த்தம். பெயரைச் சொல்லி 'வாங்கிப் படியுங்கள்' என்று அனுப்பினால் வாங்க இடம் கிடையாது. 1950இல் பிறந்த பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அல்சூரில் இருப்பது பலருக்குப் பெரிய ஆறுதல். 2022 டிசம்பரில் அந்த வளாகத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தபோதுதான், துண்டுச் சீட்டு இல்லாமல் தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து வாங்கும் சுகம் உள்ளூரிலேயே கிடைத்தது.

இத்தனை பஞ்சத்துக்கு நடுவில், தமிழின் மிகப் பெரிய சிபாரிசுக்காரர்களில் ஒருவர் இந்த ஊரில்தான் வாழ்கிறார் என்பது வேடிக்கை. விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் 1958இல் பிறந்த பாவண்ணன், தொலைபேசித் துறையில் பொறியாளராகக் கர்நாடகத்துக்கு வந்தவர். வந்த இடத்தில் கன்னடம் கற்றார். சிறுகதையும் நாவலும் எழுதியதோடு நிற்காமல், தனக்குப் பிடித்த நூறு சிறுகதைகளைப் பற்றி 'எனக்குப் பிடித்த கதைகள்' என்ற தலைப்பில் தொடராக எழுதினார். கட்டுரைகளின் அமைப்பு எளிமையானது. முதலில் வாழ்க்கையில் பார்த்த ஒரு சம்பவம், அப்புறம் அது நினைவூட்டிய கதை. விமர்சகரின் தராசு கிடையாது. 'இந்த மனிதரைப் பார்த்தபோது அந்தக் கதை ஞாபகம் வந்தது' என்கிற தொனிதான். படித்தவர்கள் அந்தக் கதைகளைத் தேடிக்கொண்டு போனார்கள். சிபாரிசுக்கு அதைவிடச் சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆனால் பாவண்ணனின் நீளமான சிபாரிசுகள் அவருடைய மொழிபெயர்ப்புகள். யோசித்துப் பார்த்தால் மொழிபெயர்ப்பு என்பதே 'இதைப் படித்தீர்களா?' என்ற கேள்வியின் விடாப்பிடியான வடிவம்தான். நண்பருக்கு மொழி தெரியாது என்று தெரிந்த பிறகும் சிபாரிசை வாபஸ் வாங்க மறுக்கிற ஒருவர், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை நண்பரின் மொழியில் எழுதிக் கொடுக்கிறார். எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' கன்னடத்தில் 1979இல் வந்தது. தெய்வங்களையும் அற்புதங்களையும் கழற்றி வைத்துவிட்டு மகாபாரதத்தை மனிதர்களின் கதையாகச் சொல்லும் தலையணைப் பருமன் நாவல். கேட்ட வரங்கள் இல்லை. பசியும் முதுமையும் குலப் பெருமையும் சந்தேகமும் உண்டு. அது 'பருவம்' என்று தமிழுக்கு வந்தது பாவண்ணனால். 2005ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. பைரப்பா 2025 செப்டம்பரில் பெங்களூருவில் காலமானார். அவருடைய கருத்துகளோடு மல்லுக்கட்டியவர்களும் மறுக்க முடியாத உழைப்பு அந்த நாவலில் இருக்கிறது.

பாவண்ணன் தமிழுக்குக் கொண்டுவந்த இன்னொன்று கிரீஷ் கார்னாடின் 'நாகமண்டலம்'. சிபாரிசு செய்யும் பழக்கம் உள்ள எவரும் அதன் முன்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிழவிக்கு ஒரு கதை தெரியும். ஒரு பாட்டும் தெரியும். ஆனால் அவள் யாருக்கும் சொல்லவில்லை, பாடவில்லை. உள்ளே அடைபட்டு மூச்சு முட்டிய கதையும் பாட்டும், அவள் தூங்கும்போது வாய் வழியே தப்பித்துவிடுகின்றன. கதை ஒரு பெண்ணாகிறது, பாட்டு அவள் உடுத்திய புடவையாகிறது. பாழடைந்த கோயிலில் ஊரிலுள்ள விளக்குச் சுடர்கள் எல்லாம் ராத்திரி கூடி அரட்டை அடிக்கும்போது, இந்தப் பெண்ணும் வந்து சேர்கிறாள். கதையைக் கேட்டால் மட்டும் போதாது, கேட்டவன் அதை இன்னொருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவள் போடும் நிபந்தனை.

கார்னாட் இந்த நாட்டுப்புறக் கதைகளைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஏ.கே. ராமானுஜன் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டவை. ராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழர். கன்னடத்தில் கவிதை எழுதியவர். கன்னட வசனங்களையும் குறுந்தொகையையும் ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவர். யாரோ ஒரு பாட்டி சொன்னதை அவர் கேட்டார். அவர் சொன்னதைக் கார்னாட் கேட்டார். கார்னாட் எழுதியதை வளவனூர்க்காரர் தமிழில் எழுதினார். நிபந்தனை இதுவரை மீறப்படவில்லை.

இதெல்லாம் இலக்கிய ரசனை சம்பந்தப்பட்ட சமாச்சாரம் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த நகரத்தின் காலண்டரைப் பார்க்க வேண்டும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்தில் பெங்களூருத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஏராளமானோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு திறப்பதாக இருந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சத்தைப் பார்த்தது. அதே மாதம் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. சிலைக்குச் சிலை என்று கணக்குத் தீர்க்க இரண்டு அரசுகளுக்கு 18 ஆண்டு ஆயிற்று. 2016 செப்டம்பரில் மறுபடி காவிரி, மறுபடி எரிந்த பேருந்துகள்.

அந்த 1990களில் தமிழுக்கு வந்துகொண்டிருந்த கன்னடப் புத்தகங்களைப் பாருங்கள். பாவண்ணன் தொகுத்து மொழிபெயர்த்த கன்னட தலித் எழுத்துகள் 'புதைந்த காற்று'. சித்தலிங்கையாவின் தன்வரலாறு 'ஊரும் சேரியும்'. அரவிந்த மாளகத்தியின் 'கவர்ன்மென்ட் பிராமணன்'. தி.சு. சதாசிவம் மொழிபெயர்த்த சாரா அபூபக்கரின் 'சந்திரகிரி ஆற்றங்கரையில்'. பெங்களூரிலிருந்தே இயங்கிய காவ்யா போன்ற சிறு பதிப்பகம், அதற்கு முன்பே தமிழவனும் நண்பர்களும் இங்கிருந்து நடத்திய 'படிகள்' போன்ற சிற்றிதழ் என்று ஒரு சின்ன உலகம் இதற்கெல்லாம் பின்னால் இருந்தது. யாரும் இதை நல்லிணக்கப் பணி என்று அறிவித்துச் செய்யவில்லை. நல்ல புத்தகம் கிடைத்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் கன்னடர் என்றால் கல்லெறிபவர் என்ற படம் தமிழ்நாட்டில் ஆழமாக விழுந்திருந்த நேரத்தில், சீராமபுரம் சேரியில் வளர்ந்து சிரிக்கச் சிரிக்கத் தன் வறுமையைச் சொல்லும் ஒரு கன்னடக் கவிஞரைத் தமிழ் வாசகர் வீட்டுக்குள் அழைத்து வந்தது அரசாங்கம் அல்ல, ஒரு சிபாரிசு.

சரி, அண்மையில் கைமாறிக்கொண்டிருக்கும் புத்தகங்களில் யாருக்கு எதைக் கொடுக்கலாம்? ஷான்பாக்கின் முறைப்படி ஆளை முதலில் பார்க்க வேண்டும்.

வரலாறு என்றாலே தூர தேசத்து விவகாரம் என்று நினைப்பவருக்கு நேமிசந்த்ராவின் 'யாத் வஷேம்'. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தகப்பனோடு தப்பி பெங்களூருக்கு வரும் யூதச் சிறுமி ஹானா, தகப்பனையும் இழந்தபின் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தில் வளர்கிறாள். முதுமையில், விட்டு வந்த உறவுகளுக்கு என்ன ஆயிற்று என்று தேடிக் கிளம்புகிறாள். 'யாத் வஷேம்' என்பது ஜெருசலேமில் உள்ள இனப்படுகொலை நினைவகத்தின் பெயர். 2007இல் கன்னடத்தில் வந்த நாவலை கே. நல்லதம்பி தமிழாக்க, 2022ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. உலகத்தின் பெரிய வெறுப்புக்கு எதிராக ஒரு தெருவின் சின்னப் பரிவை நிறுத்திவைக்கும் புத்தகம். அந்தத் தெரு பெங்களூருவில் இருப்பதால் இங்கே படிப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

'எங்கள் வீட்டில் எல்லாரும் ஒற்றுமை' என்று அடிக்கடி சொல்பவருக்கு விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. இவர் வேறு ஷான்பாக். நூற்றுச் சொச்சம் பக்கம்தான். எறும்புகள் ஊரும் சின்ன வீட்டில் பைசா பைசாவாக எண்ணி வாழ்ந்த குடும்பத்துக்கு மசாலா வியாபாரத்தில் திடீர்ப் பணம் வருகிறது. எல்லாரும் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள்; அந்த ஒற்றுமைதான் பயமுறுத்துகிறது. தலைப்புக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. சிக்கிக்கொண்ட நூலைக் குறிக்க, கதாநாயகனின் மனைவியும் அவள் தம்பியும் சின்ன வயதில் உண்டாக்கிய வார்த்தை. இதையும் தமிழுக்குக் கொண்டு வந்தவர் நல்லதம்பிதான்.

பெண்கள் விஷயத்தில் தன் மதம், தன் ஜாதி மட்டும் தங்கம் என்று நம்புகிறவருக்கு இரண்டு புத்தகம். பழையது, 'சந்திரகிரி ஆற்றங்கரையில்': காசர்கோட்டுப் பெண் நாதிராவின் வாழ்க்கையைத் தகப்பனின் பிடிவாதமும் மணவிலக்கு விதிகளும் எப்படி நசுக்குகின்றன என்பது. புதியது, பானு முஷ்தாக்கின் கதைகள். ஹாசனில் வழக்கறிஞராகவும் களப்பணியாளராகவும் இருந்தபடி 1990 முதல் 2023 வரை எழுதியவற்றில் 12 கதைகளைக் குடகைச் சேர்ந்த தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் 'ஹார்ட் லேம்ப்' என்று தொகுத்தார். 2025 மே மாதம் சர்வதேச புக்கர் பரிசு அதற்குக் கிடைத்தது. ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. தலைப்புக் கதையில், கணவனும் பிறந்த வீடும் கைவிட்ட நிலையில் தன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் தாயை, கைக்குழந்தையோடு ஓடி வந்து மூத்த மகள் தடுக்கிறாள். படித்து முடித்ததும் உடனே அடுத்த கதைக்குப் போக முடியாது.

பரிசுத் தொகை 50,000 பவுண்டு. எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதி. கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் போட்டு 'இது அந்நியச் சொல்' என்று அடையாளம் காட்ட தீபா பாஸ்தி மறுத்துவிட்டார். படிப்பவர் கொஞ்சம் சிரமப்படட்டும் என்று விட்டுவிட்ட அந்தத் துணிச்சல், தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம். அக்ரஹாரத்து வழக்குக்கும் கடலோர முஸ்லிம் வழக்குக்கும் ஒரே செந்தமிழ்ச் சட்டையை மாட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

இந்த வெற்றியில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. ஹாசன் பெங்களூருவிலிருந்து சுமார் 180 கி.மீ. தூரம். அங்கே முப்பது வருடமாக எழுதப்பட்ட கதைகள், பெங்களூரு வாசகர்கள் பலரை எட்டியது லண்டன் வழியாகத்தான். பக்கத்து ஊர்க்காரர் சொல்லாத சிபாரிசை ஐந்து நடுவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்த இன்றைய தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தாவின் அலமாரியில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் வெறும் அட்டைப் படங்கள். பள்ளியில் முதல் மொழி இங்கிலீஷ், அடுத்தது கன்னடம். தமிழ் வீட்டுச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. தாத்தா 'இதைப் படித்தாயா?' என்று கேட்டால், பேரன் மரியாதையாகச் சிரிப்பான். அலமாரி முழுக்கக் கதை வைத்துக்கொண்டு சொல்ல ஆள் கிடைக்காத கிழவர்கள் இந்த ஊரில் பெருகி வருகிறார்கள். கார்னாடின் கிழவியாவது வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பேரன்கள் படிப்பதில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. கப்பன் பூங்காவில் 2023 முதல் சனிக்கிழமைதோறும் பாய் விரித்து, மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்து படிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் இளவட்டம். அவரவர் கையில் அவரவர் புத்தகம். பேச்சு கிடையாது, ஆனால் பக்கத்துப் பாயில் இருப்பவர் என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. சிபாரிசின் ஆதி வடிவம் அதுதான். பலர் கையில் இருப்பது ஆங்கிலம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆங்கிலப் புத்தகங்களில் சில, கன்னடத்திலோ தமிழிலோ பிறந்தவை.

தாத்தாக்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. 'தமிழில் படி' என்று சண்டை போடுவதற்கு முன்னால், இரண்டு பேருக்கும் கிடைக்கிற ஒரே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உதாரணத்துக்கு 'காச்சர் கோச்சர்'. பேரன் ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கட்டும். தாத்தா நல்லதம்பியின் தமிழைப் படிக்கட்டும். மேல் வீட்டுக்காரர் கன்னடத்தில் ஏற்கனவே படித்திருப்பார். மூன்று பேருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்புறம் யாராவது ஒருவர் காபியை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டியதுதான். கடைசிப் பக்கத்தில் விவேக் ஷான்பாக் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மூன்று மொழியிலும் அதைச் சொல்லாமல்தான் விட்டிருக்கிறார்கள். படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: ஹைதராபாதிலிருந்து அனிதா ஏன் இன்னும் வந்து சேரவில்லை?